வீடு நிற்கிறது, ஊர் எங்கே? ஸ்மோக்கி மலைகளில் கற்றுக்கொண்டவை

டென்னசி, ஜார்ஜியா, வட கரோலினா பக்கம் இருக்கும் தமிழர்களில் கேட்ஸ் கோவ் போகாதவர்கள் குறைவு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிப்போகும் இடங்களில் அதுவும் ஒன்று. மலைகளுக்கு நடுவே பச்சைப் பசேலென்று ஒரு பள்ளத்தாக்கு, அதைச் சுற்றி 11 மைல் ஒருவழிச் சாலை. கரடி தலையைக் காட்டினால் போதும், அரை மணி நேரத்துக்கு எந்த வண்டியும் நகராது. வழியில் சில மர வீடுகள், மூன்று தேவாலயங்கள், சோளம் அரைக்கும் ஒரு நீர்ச்சக்கர ஆலை. இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, "அந்தக் காலத்துல எவ்வளவு எளிமையா இருந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

நான் நாக்ஸ்வில்லில் இருக்கிறேன். கேட்ஸ் கோவ் அடங்கிய கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில் சில வருடங்களாக வார இறுதிகளில் தன்னார்வலராகப் போய்வருகிறேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. பழைய கட்டடங்கள் பக்கம் நின்று வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, ஏதாவது உடைந்திருந்தால் எழுதிவைப்பது, குப்பை பொறுக்குவது, அவ்வளவுதான். ஆனால் அங்கே வாழ்ந்த குடும்பங்களின் பேரன் பேத்திகளோடு பழக அதனால் ஒரு வாய்ப்பு கிடைத்தது. பூங்காவுக்குள் அகப்பட்ட மலை ஊர்களைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்பதில் எனக்கென்று ஒரு கருத்து உண்டானது அவர்களால்தான். அங்கே வைத்திருக்கும் தகவல் பலகைகளை மட்டும் படித்திருந்தால் அது வந்திருக்காது.

முதலில் கொஞ்சம் வரலாறு. அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துப் பெரிய பூங்காக்கள் பெரும்பாலும் அரசாங்கத்தின் கையில் ஏற்கெனவே இருந்த நிலத்தில் உருவானவை. ஸ்மோக்கி அப்படியல்ல. இங்கே நிலம் முழுக்கத் தனியார் கையில் இருந்தது. பெரும்பகுதி மரக் கம்பெனிகளிடம், மீதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பண்ணைக் குடும்பங்களிடம். 1926-இல் நாடாளுமன்றம் பூங்காவுக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் நிலத்தை டென்னசி, வட கரோலினா மாநிலங்கள்தான் துண்டு துண்டாக வாங்கித் தர வேண்டியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள், ராக்கஃபெல்லர் குடும்ப அறக்கட்டளை 50 லட்சம் டாலர் கொடுத்தது. 1934-இல் பூங்கா உருவானது. 1940-இல் அதிபர் ரூஸ்வெல்ட் நியூஃபவுண்ட் கேப்பில் நின்று அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

விற்க விரும்பாதவர்கள் மேல் நில எடுப்பு வழக்கு பாய்ந்தது. கேட்ஸ் கோவில் முதன்முதலில் குடியேறிய ஜான் ஆலிவரின் கொள்ளுப் பேரன் ஜான் டபிள்யூ. ஆலிவர், மாநில உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடிப் பார்த்தார். கடைசியில் தோற்று, 1937 இறுதியில் வீட்டைக் காலி செய்தார். வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "இவங்க எல்லாம் ஏன் போயிட்டாங்க?" என்பதுதான். போகவில்லை, போக வைத்தார்கள் என்று சொன்னால் பலருக்கு முகம் மாறிவிடுகிறது. பூங்காவை ரசிக்க வந்த இடத்தில் இதைச் சொல்ல எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது இல்லை. பூங்கா வந்ததால்தான் அந்த மலைகளில் மரம் மிஞ்சியது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடுத்த விஷயம் எனக்கே புரியக் கொஞ்ச நாளானது. கேட்ஸ் கோவில் இன்று நாம் பார்ப்பது 1930-களில் அங்கே இருந்த ஊர் இல்லை. 1850-லேயே அறுநூற்றுச் சொச்சம் பேர் இருந்த இடம் அது. இருபதாம் நூற்றாண்டு வந்தபோது அறுத்த பலகையில் கட்டி வெள்ளையடித்த வீடுகள் நிறைய இருந்தன. பூங்கா நிர்வாகம் அவற்றில் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டு, முழு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய பழைய வீடுகளைத்தான் வைத்துக்கொண்டது. முன்னோடிக் குடியேறிகளின் காலம் என்ற ஒரு படத்தைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள், அதற்குப் பொருந்தாதது போய்விட்டது. டிப்டன் வீட்டு எதிரே எல்லோரும் படம் எடுக்கிற அந்த மாட்டுக் கொட்டகைகூட 1960-களில் மறுபடி கட்டியது. ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் பெக்கி கேபிள் வீடு வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து வைத்தது.

இதனால்தான் "எவ்வளவு எளிமையா இருந்திருக்காங்க" என்று நமக்குத் தோன்றுகிறது. வாரிசுகளுக்கு இது வலிக்கிற இடம். ஒரு வயதான பெண்மணி என்னிடம் சொன்னார்: எங்கள் பாட்டி வீட்டில் கண்ணாடி ஜன்னல் இருந்தது, திரைச்சீலை இருந்தது, பூ போட்ட சுவர்க்காகிதம் இருந்தது. இங்கே வருகிறவர்கள் எங்களைக் காட்டுவாசிகள் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அதிலிருந்து, எந்தப் பழைய ஊருக்குப் போனாலும் நான் கேட்டுவிடும் கேள்விகள் சில உண்டு. இந்த வீடு எந்த வருடத்துத் தோற்றத்தில் நிற்கிறது? அந்த வருடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? இதற்குப் பக்கத்தில் இருந்து இப்போது இல்லாமல் போனது எது? பணியிலிருக்கும் ரேஞ்சர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள். அவர்களும் கரடி எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்திருப்பார்கள்.

இதற்கு மாற்று எப்படி இருக்கும் என்று பார்க்க கட்டலூச்சிக்குப் போக வேண்டும். வட கரோலினா பக்கம், குறுகலான சரளைச் சாலையில் வளைந்து வளைந்து இறங்கினால் வரும் பள்ளத்தாக்கு. 1910 வாக்கில் ஆயிரத்து இருநூறு பேர் வரை இருந்தார்கள், ஸ்மோக்கியிலேயே பெரிய குடியிருப்பு. அங்கே பலகை வீடுகளையும் விட்டுவைத்திருக்கிறார்கள். பால்மர் வீடு எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் அது நடுவில் காற்றோட்டமான திறந்த நடை விட்டு இரண்டு பக்கமும் கட்டிய மரக்கட்டை வீடு. வசதி வந்ததும் மேலே பலகை அடித்து மூடினார்கள், பின்னால் சமையலறை சேர்த்தார்கள். உள்ளே நின்று பார்த்தால் ஒரு குடும்பம் படிப்படியாக மேலே வந்த கதை சுவரிலேயே தெரியும். இந்த வீட்டை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகிறேன் என்று பலகையை உரித்திருந்தால் பாதிக் கதை போயிருக்கும். 2001-இல் எல்க் மான்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டதிலிருந்து அங்கே கூட்டம் மானுக்காகத்தான் வருகிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு மானைப் பார்ப்பார்கள், திண்ணையைப் பார்க்க மாட்டார்கள். சரி, எதற்காகவோ வருகிறார்களே.

கட்டலூச்சியின் பால்மர் சேப்பல் 1898-இல் கட்டிய சிறு வெள்ளைத் தேவாலயம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்தப் பள்ளத்தாக்குக் குடும்பங்களின் வாரிசுகள் அங்கே கூடுவது வழக்கம். வழிபாடு, பாட்டு, அப்புறம் மரத்தடியில் நீள மேசை போட்டுச் சாப்பாடு. அந்தக் கட்டடம் காட்சிப்பொருள் ஆகாமல் இருப்பதற்கு அந்த ஒரு நாள்தான் காரணம் என்று நினைக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை நூறு பேர் உள்ளே உட்காரப் போகிறார்கள் என்றால், தரைப்பலகை ஆடுகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று யாராவது பார்த்தே ஆக வேண்டும். "போன வருஷம் இந்தப் படி நல்லா இருந்துச்சே" என்று சொல்ல ஆள் இருக்கும்.

இதையே இன்னும் அழுத்தமாக நான் பார்த்தது ஃபான்டானா ஏரிக்கு அந்தப் பக்கம். இரண்டாம் உலகப் போரின்போது டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் மின்சாரத்துக்காக ஃபான்டானா அணையைக் கட்டியது. ஏரியின் வடகரையில் 44,000 ஏக்கர் பூங்காவோடு சேர்ந்தது. அங்கிருந்த ஊர்களுக்குப் போகும் சாலை தண்ணீருக்குள் போய்விட்டது. புதுச் சாலை போட்டுத் தருவதாக 1943-இல் ஒப்பந்தம் போட்டார்கள். சில மைல்கள் போட்டார்கள், 1,200 அடி நீளத்தில் ஒரு சுரங்கப்பாதையும் கட்டினார்கள், அதோடு நின்றுவிட்டது. பாறையை உடைத்தால் அமிலம் கசிந்து ஓடைகள் கெடுகின்றன என்பது ஒரு காரணம். பக்கத்து ஊரான பிரைசன் சிட்டிக்காரர்கள் அதை "எங்கும் போகாத சாலை" என்பார்கள். 2010-இல் சாலைக்குப் பதிலாக அந்த மாவட்டத்துக்கு 5.2 கோடி டாலர் தருவதென்று முடிவானது.

ஆனால் அந்தக் கரையில் குடும்பங்களின் கல்லறைகள் இருக்கின்றனவே? 1970-களின் பிற்பகுதியிலிருந்து, வாரிசுகள் சங்கமாகச் சேர்ந்து வலியுறுத்தியதால், கோடைக்காலத்தில் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்கா நிர்வாகமே படகு வைத்து அவர்களைக் கூட்டிப்போகிறது. எங்கள் அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவரின் தாய்வழிக் குடும்பம் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. "நீயும் வா, சும்மா வேடிக்கை பார்க்க வராதே, மண்வாரி எடுத்துக்கொண்டு வா" என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டார்.

படகில் ஏறியவர்கள் கையில் பார்த்தால் குப்பைப் பை நிறைய பிளாஸ்டிக் பூக்கள், தூரிகை, இலை வாரும் கருவி, சாப்பாட்டுப் பெட்டிகள். எண்பதைத் தாண்டிய ஒருவர் இரண்டு கையிலும் ஊன்றுகோல். அக்கரையில் இறங்கினால் செங்குத்தான மண் பாதை. நடக்க முடியாதவர்களைப் பூங்காவின் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். மேட்டின் உச்சியில் கல்லறைத் திடல். பல கல்லறைகளுக்குப் பெயர் கிடையாது, தலைமாட்டில் ஒரு மலைக்கல், கால்மாட்டில் ஒரு சின்னக் கல், அவ்வளவுதான். தலை மேற்கே, முகம் கிழக்கே. வந்தவுடன் யாரும் பேசவில்லை, வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். இலையை வாரி, புல்லைச் செதுக்கி, மண்ணை நீள மேடாகக் குவித்து, அதன் மேல் பூ குத்தினார்கள். பெயரில்லாத கல்லுக்கும் ஒரு பூ. பெயர் தெரியாவிட்டாலும் அது யாருடைய குழந்தை என்று சொல்ல ஒருவர் இருந்தார். அப்புறம் பாட்டு, சின்னப் பிரசங்கம், பொரித்த கோழியும் பீன்ஸும் கேக்கும்.

சாப்பாடு முடிந்ததும், என்னை வரச்சொன்ன அந்த அம்மா என்னைக் கொஞ்ச தூரம் காட்டுக்குள் கூட்டிப்போனார். எனக்குக் காடு மட்டும்தான் தெரிந்தது. அவர் கையை நீட்டி, இதுதான் வாசல், இங்கே அடுப்படி என்றார். பார்க்கப் பார்க்கப் பிடிபட்டது. பாசி படிந்த கற்குவியல் சரிந்துபோன புகைபோக்கி. வரிசை தவறாமல் நின்ற இலைக்கொத்துகள் டாஃபடில் பூச்செடிகள், வேலியோரம் யாரோ நட்டவை. சதுரமாக ஒரு பள்ளம், உருளைக்கிழங்கு சேமித்த நிலவறை. காட்டில் எந்தச் செடியும் தானாக நேர்கோட்டில் வளராது என்று அவர் சொன்னதை இப்போது எந்த மலையில் நடந்தாலும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு கட்டடம்கூட மிஞ்சாத அந்த இடத்தில், கேட்ஸ் கோவில் இருப்பதைவிட ஊர் அதிகமாக இருந்தது. எனக்கு அப்படித்தான் பட்டது. வாரிசுகள் வந்துபோக வழி இருப்பதைப் பராமரிப்புச் செலவில் முதல் வரியாக எழுத வேண்டும் என்பேன், கூரை எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

மக்களை அங்கேயே இருக்கவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். குறைந்த விலைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு ஆயுள் முழுக்கக் குத்தகைக்கு இருக்கலாம் என்ற ஏற்பாட்டைச் சிலர் ஏற்றுக்கொண்டார்கள். பூங்காவுக்குள் இருக்கும் லிட்டில் கிரீன்பிரையரில் வாக்கர் சகோதரிகள் ஐந்து பேர் அப்படித்தான் இருந்தார்கள். 4,750 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாங்களே நூல் நூற்று, தோட்டம் போட்டு வாழ்ந்தார்கள். 1946-இல் ஒரு பிரபல வாரப் பத்திரிகை அவர்களைப் பற்றி எழுதியதும் கூட்டம் குவிந்தது. முதலில் பலகாரமும் கைவேலையும் விற்றுச் சமாளித்தார்கள். வயதான பிறகு, மிஞ்சிய இருவரும் வரவேற்புப் பலகையை எடுத்துவிடும்படி பூங்காவுக்குக் கடிதம் எழுதினார்கள். கடைசிச் சகோதரி 1964-இல் இறந்தார். இந்த ஏற்பாட்டின் குறை வெளிப்படையானது. ஆயுளோடு முடிகிறது, அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் இல்லை. கேட்ஸ் கோவின் கடைசிக் குடியிருப்பாளர் கெர்மிட் காக்ரன் 1999-இல் மறைந்ததோடு அங்கேயும் அது முடிந்தது.

எல்க்மான்ட் வேறு மாதிரி. மரக் கம்பெனி ஊராக இருந்து, பணக்காரர்களின் கோடை வாசஸ்தலமாக மாறிய இடம். அவர்களுக்குச் செல்வாக்கு இருந்தது, குத்தகை நீண்டுகொண்டே போய்ப் பெரும்பாலானவை 1992-இல்தான் முடிந்தன. அதற்குள் 1982-இலேயே பூங்காவின் திட்டம் எல்லாவற்றையும் அகற்றிவிடச் சொல்லியிருந்தது. 1994-இல் அந்தப் பகுதி தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறியது, இடிக்க முடியவில்லை. இடிக்கவும் முடியாமல் பழுது பார்க்கவும் பணமில்லாமல் கட்டடங்கள் மழையில் ஊறின. அங்கிருந்த வொண்டர்லேண்ட் ஹோட்டல் 2005-இல் தானாகவே சரிந்தது. 2009-இல் சில கட்டடங்களை மட்டும் வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தார்கள். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற வாதம் நடக்கும்போதும் ஓட்டையில் ஒரு தார்ப்பாயாவது போட்டுவைக்க வேண்டும். பழைய கட்டடங்களோடு வேலை செய்பவர்கள் அத்தனை பேரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

பராமரிப்பு வேலையைப் பற்றிக் கொஞ்சம். மர வீட்டுக்கு எதிரி தண்ணீர்தான். அடிக்கட்டை மண்ணைத் தொடக்கூடாது, கல்லின் மேல் உட்கார வேண்டும், இலை சேர்ந்து மண்ணாகிக் கட்டையைத் தொட்டால் உளுக்க ஆரம்பித்துவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால், ஒரு துடைப்பமும் அரை மணி நேரமும் செய்யும் வேலையைப் பின்னால் பல ஆயிரம் டாலர் செலவழித்துச் செய்ய வேண்டியிருக்கும். குடியிருந்தவரை தினமும் அடுப்பு எரிந்தது, புகையும் சூடும் ஈரத்தை விரட்டின. ஆளில்லாத வீட்டில் அது கிடையாது. பழைய வீடுகளில் நிறைய செஸ்ட்நட் மரம், லேசில் உளுக்காது. ஆனால் நோய் வந்து அந்த மரம் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே காட்டிலிருந்து அழிந்துவிட்டது. ஒரு கட்டை போனால் அதேபோல் இன்னொன்று கிடைக்காது.

அப்புறம் கிறுக்கல். ஒரு வீட்டின் மாடியறைச் சுவரை டார்ச் அடித்துப் பார்த்தபோது பேனா, சாவி, கத்தி எல்லாவற்றாலும் எழுதிய பெயர்கள் அடுக்கடுக்காக இருந்தன. இதயமும் அம்பும் போட்டுத் தமிழில்கூட இரண்டு எழுத்து! பொறித்ததைச் சுரண்டி எடுத்தால் நூற்றைம்பது வருடத்துக்கு முன் கோடாலி செதுக்கிய தழும்பும் சேர்ந்து போய்விடும். அதனால் பெரும்பாலும் அப்படியே விட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளோடு வருகிறவர்களிடம் நான் தடை விதிகளைப் பேசுவதில்லை. அந்தக் கோடாலித் தழும்பைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்கிறேன். பிறகு அவர்களே மற்றப் பிள்ளைகளை அதட்டுகிறார்கள்.

இதையெல்லாம் வெள்ளைக் குடியேறிகளின் கதையாக மட்டும் சொல்லி முடித்தால் அதுவும் முன்னர் சொன்ன இடிப்பைப் போன்றதுதான். 1838-இல் அந்த மலைகளின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களை ராணுவம் மேற்கே விரட்டியது. தப்பியும் தங்கியும் மிஞ்சியவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் பூங்காவை ஒட்டிய குவாலா பவுண்டரி என்ற தங்கள் நிலப்பகுதியில் வாழ்கிறார்கள். ஆலிவர் குடும்பம் முதல் குளிர்காலத்தில் பிழைத்ததே செரோக்கிகள் கொடுத்த உலர்ந்த பூசணியால்தான் என்பது அந்தக் குடும்பத்திலேயே சொல்லப்படும் கதை. மாற்றம் மெதுவாக வருகிறது. 2019-இல் சோச்சான் என்ற கீரையைப் பூங்காவுக்குள் பறிக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. 2024-இல் பூங்காவின் மிக உயர்ந்த சிகரத்துக்கு குவோஹி என்ற பழைய பெயர் திரும்பியது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் கல்லறைகளும் பூங்காவுக்குள் இருக்கின்றன. பலகைகளில் அவர்கள் இப்போதுதான் இடம்பெறத் தொடங்கியிருக்கிறார்கள்.

இதுபோன்ற ஊர்களின் பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு எனக்குப் பலன் கொடுத்த வழி ஒன்று. "அந்தக் காலத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி நாலு வாக்கியம் சொல்லி நிறுத்திவிடுவார்கள். பழைய புகைப்படத்தையோ வரைபடத்தையோ முன்னால் வைத்து, தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கம் நடந்தீர்கள், இந்த வயல் யாருடையது என்று கேளுங்கள். முடிந்தால் அந்த இடத்துக்கே கூட்டிப்போய்க் கேளுங்கள். கால் நடக்க நடக்க நினைவு வருகிறது. ஒருவரைத் தனியாகக் கேட்பதைவிட இரண்டு உறவினர்களைச் சேர்த்து உட்கார வைத்தால் நல்லது, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார், விவரம் அங்கேதான் வெளிவரும். பதிவின் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் சீட்டு வேண்டும். 2023-இல் தொடங்கியபோது ஒரு நாளைக்கு 5 டாலர், வருடத்துக்கு 40 டாலர். கோடையில் புதன்கிழமைகளில் கேட்ஸ் கோவ் சாலையில் வண்டி விடுவதில்லை; சைக்கிளிலோ நடந்தோ போனால் வீடுகளை நிதானமாகப் பார்க்கலாம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் கட்டலூச்சியின் சாலைகளையும் பழைய கட்டடங்களையும் பலமாகத் தாக்கியது. அதனால் கிளம்புவதற்கு முன் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று பூங்காவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லறைத் திடல்கள் வழியில் தென்பட்டால் தாராளமாகப் போகலாம். குவித்த மண்ணை மிதிக்காதீர்கள், வெளுத்துப்போன பிளாஸ்டிக் பூவைக் குப்பை என்று எடுத்துவிடாதீர்கள். அடுத்த கோடையில் அதை மாற்ற ஆள் வருவார்கள்.